நிலத்தை விற்குமுன் ஒரு நிமிடம்! – சர்க்கரை நோயும் குருத்தணு ஆராய்ச்சியும்



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள். மஃரிபுத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வராந்தாவில் அமர்ந்திருந்தேன். எங்கள் மதரஸாவில் ஓதும் ஒரு மாணவனின் தந்தை வந்து சலாம் சொல்லி அருகில் அமர்ந்தார். திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வைத்திருப்பவர். தலைமுறை தலைமுறையாக வந்த தொழில். திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு 2019-ஆம் ஆண்டு கிடைத்துவிட்டது. ஆனால் பட்டறையில் வேலை செய்பவர்களின் வருமானம் அதனால் பெருகிவிடவில்லை. அவருடைய முகவாட்டத்துக்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும் என்று எண்ணினேன். அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு துண்டறிக்கையை எடுத்து நீட்டினார்.

"ஹஜ்ரத், பையன் விஷயமாக ஒரு யோசனை கேட்க வேண்டும். வெளியூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்டெம் செல் என்று ஒரு வைத்தியம் செய்கிறார்களாம். ஊசியே வேண்டாம், சர்க்கரை நோய் அடியோடு போய்விடும் என்கிறார்கள். ஐந்து லட்சம் ஆகுமாம். வத்தலக்குண்டு சாலையில் வீட்டாளுக்கு அவள் அத்தா கொடுத்த நிலம் கொஞ்சம் இருக்கிறது. அதைக் கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். ஆனால் அந்த மருந்தைக் கருவிலிருந்து எடுக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார். அது நமக்கு ஆகுமா, ஆகாதா? அதைத்தான் கேட்க வந்தேன்" என்றார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்லும் தகுதியும் அப்போது எனக்கு இல்லை. கல்லூரியில் வரலாறு படித்துவிட்டு மதரஸாவில் பாடம் நடத்துபவன் நான். விஞ்ஞானம் பயின்றவன் அல்லன். "எனக்குப் பத்து நாள் அவகாசம் கொடுங்கள் பாய், அதுவரை நிலத்துக்கு முன்பணம் வாங்கிவிடாதீர்கள்" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அந்தப் பத்து நாட்களில் மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களைப் புரட்டியும் அறிந்தவற்றையே இங்கே உங்கள் முன் வைக்கிறேன். ஏனெனில் அந்தத் துண்டறிக்கை அவர் ஒருவர் கைக்கு மட்டும் வந்ததன்று. நாளை உங்கள் வீட்டு வாசலுக்கும் வரலாம்.

நான் செய்த தவறு

அந்தச் சிறுவனைப் பற்றி முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பதினொரு வயது, நல்ல குரல்வளம் உள்ளவன். அவன் எங்களிடம் சேர்ந்த புதிதில், ஒரு நாள் ஓதிக்கொண்டிருக்கும்போதே பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். "ஓதும் இடத்தில் தின்பண்டமா?" என்று நான் அதட்டினேன். பையன் பயந்துபோய் மீதியைப் பைக்குள் வைத்துவிட்டான். சற்று நேரத்தில் அவன் நெற்றி வியர்த்தது; கை நடுங்கியது; நேற்று தெளிவாக ஓதிய வரியை இன்று எழுத்து எழுத்தாகக் குழப்பினான். பிறகு அப்படியே பாயில் சாய்ந்துவிட்டான். பக்கத்து மாணவன் ஓடிச் சென்று தந்தையை அழைத்து வந்தான். அவர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். கால்மணி நேரத்தில் பையன் எழுந்து உட்கார்ந்தான்.

அவனுக்குச் சர்க்கரை நோய் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். இரத்தத்தில் சர்க்கரை கூடுவது மட்டுமே ஆபத்து என்று நினைத்திருந்தேன். இன்சுலின் போடும் பிள்ளைக்கு அது திடீரெனக் குறைந்துபோவது அதைவிட உடனடியான ஆபத்து என்பதை அந்தப் பிள்ளையின் வியர்வை எனக்குக் கற்றுக்கொடுத்தது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் எல்லோரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே என் தவற்றை மறைக்காமல் எழுதுகிறேன்.

பூட்டும் சாவியும்

திண்டுக்கல்காரர்களுக்கு இந்த நோயை விளக்குவது எளிது. நம் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவும் பூட்டிய வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்ட உணவு சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலந்து அந்த வீட்டு வாசலுக்கு வருகிறது. கதவைத் திறக்கும் சாவிதான் இன்சுலின். வயிற்றுக்குள் இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையம் என்னும் உறுப்பில், தீவுத் திட்டுகளைப் போல ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் அணுக்கூட்டங்கள் உள்ளன. அவற்றிலுள்ள பீட்டா அணுக்களே இந்தச் சாவியைச் செய்யும் பட்டறை.

சர்க்கரை நோயில் முக்கியமாக இரண்டு வகை. முதல் வகையில், உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புப் படையே ஏதோ ஒரு மயக்கத்தில் அந்தப் பட்டறையைப் பகைவன் என்று கருதி அழித்துவிடுகிறது. சாவியே இல்லாமற்போகிறது. பலருக்குச் சிறுவயதிலேயே தொடங்கும் இந்த வகைக்கு இன்சுலின் ஊசியின்றி உயிர் வாழ இயலாது. நம் மாணவனுக்கு வந்திருப்பது இதுதான். இரண்டாம் வகையில் சாவி உண்டு; பூட்டுத் துருப்பிடித்துவிடுகிறது. துருவேறிய பூட்டைத் திறக்க மேலும் மேலும் சாவி செய்து பட்டறையும் நாளடைவில் களைத்துப்போகிறது. நம் குடும்பங்களில் நடுத்தர வயதினருக்கு வருவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையே.

இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இது தெரியாததால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

நாயிலிருந்து நலம் வரை

1869-ஆம் ஆண்டு பெர்லின் நகரில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் என்பவர், கணையத்தில் உள்ள அந்தத் தீவுத் திட்டுகளை நுண்ணோக்கியில் முதன்முதலாகக் கண்டார். அவை எதற்காக இருக்கின்றன என்பது அவருக்கே தெரியாது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1889-இல், மின்கோவ்ஸ்கி, ஃபான் மேரிங் என்னும் இருவர் ஒரு நாயின் கணையத்தை அகற்றிப் பார்த்தனர். நாய்க்குச் சர்க்கரை நோய் வந்தது. நோயின் ஊற்று எங்கே என்பது அன்று தெரிந்தது.

1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் ஆகியோர் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரி மாதம், சாகும் தறுவாயில் இருந்த லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது செலுத்தப்பட்டது. முதல் ஊசி சரியாகப் பலிக்கவில்லை. மருந்தை மேலும் தூய்மைப்படுத்தி பன்னிரண்டு நாட்கள் கழித்து மீண்டும் செலுத்தினர். பையன் பிழைத்தான், மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். அதற்கு முன்பெல்லாம் முதல் வகை நோய் வந்த பிள்ளைகள் பட்டினிப் பத்தியத்தில் எலும்பும் தோலுமாகி மடிவதே விதியாக இருந்தது.

பல்லாண்டுக் காலம் இன்சுலின், மாடுகளின் கணையத்திலிருந்தும் பன்றிகளின் கணையத்திலிருந்தும்தான் எடுக்கப்பட்டது. உயிர் காக்கும் நிர்ப்பந்தத்துக்காக நம் முன்னோர் மார்க்க அறிஞர்களிடம் விளக்கம் கேட்டுத் தயக்கத்தோடு அதை ஏற்றனர். அந்தச் சங்கடமும் தீர்ந்தது. மனித இன்சுலினுக்குரிய மரபுக் குறிப்பை நுண்ணுயிரிக்குள் வைத்து, அதைக்கொண்டே மனித இன்சுலினைச் செய்யும் வழி 1978-இல் கண்டறியப்பட்டது. 1982-இல் அது மருந்தாக விற்பனைக்கு வந்தது. இன்று வழக்கத்தில் உள்ள இன்சுலின் இவ்விதம் செய்யப்படுவதே. ஆராய்ச்சி பொறுமையாக முன்னேறும்போது நம் சங்கடங்களும் சில வேளை தாமே அகல்கின்றன என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

நம் தமிழகத்தின் பங்கு

இந்தியாவில் சர்க்கரை நோய்க்கென்று தனி மருத்துவப் பிரிவு தோன்றியது நம் சென்னையில்தான். 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் அதைத் தொடங்கினார். பின்னர் 1954-இல் இராயபுரத்தில் அவர் நிறுவிய மருத்துவமனை, சர்க்கரை நோய் மருத்துவத்தில் நாடறிந்த நிலையமாயிற்று. அவருடைய மகன் டாக்டர் வி. மோகன், 1996-இல் உருவான சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் மூலம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து நாடெங்கும் ஒரு பெரும் ஆய்வை நடத்தினார். 2023-இல் வெளியான அதன் முடிவு நம்மைத் திடுக்கிட வைப்பது: இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய், மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். நாட்டின் சராசரி நூற்றுக்கு 11.4 என்றால், தமிழகத்தில் அது நூற்றுக்கு 14.4.

அதாவது, ஜும்ஆவுக்கு வரும் வயது வந்த நூறு பேரில் பதினான்கு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். இத்தனை பெரிய கூட்டம் ஒரு மருந்துக்காக ஏங்கி நிற்கும்போது, அந்த ஏக்கத்தை விலைபேச வியாபாரிகள் வராமல் இருப்பார்களா?

குருத்தணு என்பது என்ன?

சிறுமலை வாழையை எண்ணிப் பாருங்கள். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து ஒரு சிறு முளை வெடிக்கிறது. அந்த முளைக்குள்தான் தண்டும் இலையும் பூவும் காயும் ஆகக்கூடிய ஆற்றல் அனைத்தும் ஒடுங்கியிருக்கிறது. நம் உடம்பிலும் அத்தகைய அணுக்கள் உண்டு. தாமும் பெருகி, வேறு வகை அணுக்களாகவும் மாறக்கூடிய அவற்றைத்தான் ஆங்கிலத்தில் ஸ்டெம் செல் என்கிறார்கள். தமிழில் குருத்தணு என்கிறோம்.

எலும்பு மஜ்ஜையில் உள்ள குருத்தணுக்கள் வாழ்நாள் முழுவதும் இரத்த அணுக்களைச் செய்துகொண்டே இருக்கின்றன. 1961-இல் டொராண்டோவில் டில், மெக்கல்லாக் என்னும் இரு விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு வித்திட்டது. இரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்குச் செய்யப்படும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை இதன் அடிப்படையில் அமைந்ததே. நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதலே அது நடைபெற்று வருகிறது. ஆகவே, குருத்தணுச் சிகிச்சை என்றாலே மோசடி என்று எண்ணிவிடக் கூடாது. இரத்த நோய்களுக்கு அது மெய்ப்பிக்கப்பட்ட மருத்துவம்.

ஆனால் மஜ்ஜையிலுள்ள குருத்தணு இரத்தத்தைச் செய்யும். இன்சுலின் பட்டறையைச் செய்யாது. எந்த அணுவாகவும் மாறவல்ல குருத்தணு, கருவின் ஆரம்ப நாட்களில்தான் இருக்கிறது. 1998-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் தாம்சன், சில நாட்களே ஆன மனிதக் கருவிலிருந்து அதைப் பிரித்து வளர்த்துக் காட்டினார். கருவைக் குறித்த தர்க்கம் உலகெங்கும் எழுந்தது. 2006-இல் ஜப்பானின் ஷின்யா யமனாகா மற்றொரு வழியைத் திறந்தார். வளர்ந்த எலியின் சாதாரண அணுவிலேயே நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அதைக் குருத்தணு நிலைக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். மறு ஆண்டே மனித அணுவிலும் அது கைகூடியது. அதற்காக 2012-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு தந்தையின் ஆராய்ச்சி

இனி நான் சொல்லப்போகும் வரலாறு, பூட்டுப் பட்டறைத் தந்தையிடம் சொன்னபோது அவர் கண்கலங்கிக் கேட்டது.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் மெல்டன் என்றொரு பேராசிரியர். தவளையின் கரு எவ்வாறு வளர்கிறது என்பதை ஆராய்ந்துகொண்டிருந்தவர். 1990-களின் தொடக்கத்தில், ஆறு மாதக் குழந்தையாக இருந்த அவருடைய மகன் சாமுக்கு முதல் வகைச் சர்க்கரை நோய் வந்தது. தவளையை விட்டார், கணையத்தைப் பற்றினார். சில ஆண்டுகள் கழித்து, 14 வயதில் மகள் எம்மாவுக்கும் அதே நோய் வந்தது. ஆராய்ச்சியாளர்கள் பலரைச் சேர்த்துக்கொண்டு, குருத்தணுவைப் பீட்டா அணுவாக மாற்றும் வழியைத் தேடினார். சுமார் 15 ஆண்டுகள் தோல்வியும் திருத்தமுமாகக் கழிந்தன. குருத்தணுவுக்கு எந்தப் பொருளை, எந்த நாளில், எந்த அளவில் கொடுத்தால் அது பீட்டா அணுவாகும் என்பதைப் படிப்படியாகக் கண்டறிந்து, 2014 அக்டோபரில் அந்தக் குழுவினர் வெளியிட்டனர். அவர்கள் செய்த அணுக்கள் சர்க்கரையின் அளவை உணர்ந்து இன்சுலினைச் சுரந்தன. சர்க்கரை நோயுள்ள எலிகளைக் குணப்படுத்தின. இதை மருந்தாக்கத் தொடங்கிய நிறுவனத்துக்குச் சாம், எம்மா என்னும் தம் பிள்ளைகளின் பெயர்களை இணைத்து 'செம்மா' என்று பெயரிட்டார் அவர். பின்னர் 2019-இல் வெர்டெக்ஸ் என்னும் நிறுவனம் அதை வாங்கியது.

மனிதர்கள்மீது சோதனை 2021-இல் தொடங்கியது. அதன் முடிவு 2025 ஜூன் மாதம் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளியாயிற்று. முதல் வகை நோயின் கடுமையால், எச்சரிக்கையே இல்லாமல் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்துகொண்டிருந்த 12 பேருக்கு, ஆய்வகத்தில் செய்த 80 கோடி அணுக்கள் கல்லீரலுக்குச் செல்லும் நாளத்தின் வழியே செலுத்தப்பட்டன. ஓராண்டு முடிவில் 12 பேரில் 10 பேருக்கு இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. கடுமையான தாழ்சர்க்கரை மயக்கம் எவருக்கும் வரவில்லை. நூறு ஆண்டு மருத்துவ வரலாற்றில் இது பெரிய செய்தி என்பதில் ஐயமில்லை.

சீனாவிலும் டெங் ஹோங்குய் என்னும் விஞ்ஞானியின் குழு, 25 வயதுப் பெண் ஒருவரின் சொந்த உடம்பு அணுவையே குருத்தணுவாக்கி, அதிலிருந்து இன்சுலின் அணுத் திட்டுகளை வளர்த்து, வயிற்றுத் தசையின் உறைக்கு அடியில் வைத்தது. 75 நாட்களில் அவருக்கு ஊசி தேவையற்றுப்போயிற்று. இது 2024-இல் வெளியானது.

மறுபக்கமும் உண்டு

வாசகர்களே, துண்டறிக்கைகள் இதுவரை சொன்னவற்றோடு நின்றுவிடும். நாம் நின்றுவிடலாகாது.

முன்பே சொன்னேன்: முதல் வகையில் பட்டறையை அழித்தது உடம்பின் சொந்தப் படையே. புதுப் பட்டறை கட்டினாலும் அந்தப் படை மீண்டும் வராதா? வரும். அதுமட்டுமன்றிப் பிறர் அணு உள்ளே வந்தால் அதை அந்நியன் என்றும் தாக்கும். ஆகவே, அந்த 12 பேரும் நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளை இடைவிடாமல் உட்கொள்ள வேண்டியிருந்தது. அடக்கப்பட்ட உடம்பில் தொற்று நோய்கள் எளிதில் நுழையும். ஆய்வில் சேர்ந்த 14 பேரில் இருவர் இறந்தனர். ஒருவர் மூளை உறையில் பூஞ்சைத் தொற்று ஏற்பட்டும், மற்றவர் முன்னரே இருந்த மூளைப் பாதிப்பு முற்றியும் மாண்டனர். சீனப் பெண்ணோ, முன்பே கல்லீரல் மாற்றுச் சிகிச்சை பெற்று அத்தகைய மருந்துகளை உட்கொண்டிருந்தவர்.

ஊசியால் ஓரளவு நன்றாக இருக்கும் ஒரு பதினொரு வயதுப் பிள்ளைக்கு இந்த அபாயம் தகுமா? அதனால்தான் இந்தச் சோதனைகளில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பெரியவர்களை மட்டும் சேர்த்தனர்.

இதற்கு முந்திய பாடமும் ஒன்று உண்டு. கனடாவின் எட்மண்டன் நகரில் ஜேம்ஸ் ஷாப்பிரோ குழுவினர், இறந்தவர்களின் கணையத்திலிருந்து எடுத்த தீவுத் திட்டுகளை 7 நோயாளிகளுக்குச் செலுத்தி அனைவரையும் ஊசியிலிருந்து விடுவித்ததாக 2000-இல் அறிவித்தனர். உலகமே வியந்தது. ஆனால் அம்முறையைப் பின்பற்றிச் சிகிச்சை பெற்றவர்களில் பலர், ஆண்டுகள் செல்லச் செல்ல மீண்டும் ஊசிக்கே திரும்ப நேர்ந்தது. ஓராண்டு வெற்றி வேறு. ஆயுள் வெற்றி வேறு.

அடக்கும் மருந்தே தேவைப்படாதபடி அணுவின் மரபை மாற்றியமைத்து மறைத்துவிடும் முயற்சியும் நடக்கிறது. ஸ்வீடனின் உப்சாலா நகரில், கொடையாளரின் தீவு அணுக்களை இவ்விதம் மாற்றி 42 வயதான ஒருவரின் முன்கைத் தசையில் வைத்தனர். எதிர்ப்படையின் கண்ணுக்கு அவை படவில்லை, இன்சுலினும் சுரந்தன. 2025-இல் வெளியான செய்தி இது. ஆனால் வைத்த அளவு சிறிது. அவர் ஊசியைத் தொடர வேண்டியிருந்தது. வழி தெரிகிறது, ஊர் இன்னும் வரவில்லை.

நம் நாட்டிலும் இத்துறையில் நேர்மையான ஆராய்ச்சி உண்டு. சண்டிகர் நகரிலுள்ள முதுநிலை மருத்துவ நிலையத்தில் டாக்டர் அனில் பன்சாலி குழுவினர், இரண்டாம் வகை நோயாளிகளின் சொந்த மஜ்ஜை அணுக்களை அவர்களுக்கே செலுத்தி 2009 முதல் ஆய்வு முடிவுகளை வெளியிட்டனர். பலருக்கு இன்சுலின் அளவு குறைந்தது. 'நோய் அடியோடு போயிற்று' என்று அவர்கள் விளம்பரம் செய்யவில்லை. சிறிய எண்ணிக்கையினரிடம் கண்டதை உள்ளபடி எழுதினர். ஆராய்ச்சிக்கும் வியாபாரத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மத்திய அரசின் உயிர்த் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள் தெளிவானவை. இரத்தம் சார்ந்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைத் தவிர, ஏனைய நோய்களுக்குக் குருத்தணுவை வழக்கமான சிகிச்சையாக வழங்கக் கூடாது. அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடத்தலாம். ஆய்வில் சேரும் நோயாளியிடம் அதற்காகப் பணம் வாங்குதல் ஆகாது.

ஆகவே, துண்டறிக்கை நீட்டுவோரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்:

1. இது அங்கீகாரம் பெற்ற சிகிச்சையா, ஆய்வா? ஆய்வு என்றால் தேசியப் பதிவேட்டில் அதன் பதிவு எண் யாது?

2. ஆய்வென்றால் எங்களிடம் பணம் கேட்பது ஏன்?

3. என் பிள்ளைக்கு வந்திருப்பது முதல் வகையா, இரண்டாம் வகையா? எதிர்ப்படை மீண்டும் தாக்காமல் இருக்க என்ன செய்வீர்கள்?

4. முன்பு சிகிச்சை பெற்றவர்களின் நிலையை எத்தனை ஆண்டுகள் கண்காணித்து, எந்த மருத்துவ இதழில் வெளியிட்டீர்கள்?

இக்கேள்விகளை ஒரு தாளில் எழுதி அந்தத் தந்தையிடம் கொடுத்தேன். அவர் தொலைபேசியில் கேட்டார். முதல் கேள்விக்கு, "நேரில் வாருங்கள், சொல்கிறோம்" என்றார்கள். இரண்டாவது கேள்விக்கு, "இம்மாதத்துக்குள் வந்தால் ஒரு லட்சம் தள்ளுபடி" என்றார்கள். மூன்றாவதை அவர் கேட்கவேயில்லை. பூட்டு வாங்க வருபவனிடம் கேட்காமலேயே விலை குறைக்கும் கடைக்காரனை அவருக்கு நன்றாகத் தெரியும்.

மார்க்கத்தின் பார்வை

அவர் முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நான் முஃப்தி அல்லன். அறிஞர்கள் சொன்னதை எடுத்துரைப்பதே என் வேலை.

மக்காவிலுள்ள உலக முஸ்லிம் லீகின் ஃபிக்ஹு சபை, 2003 டிசம்பரில் கூடிய தனது 17-ஆவது அமர்வில் இதை ஆராய்ந்தது. குருத்தணு ஆகுமான வழியில் பெறப்பட்டதாயின், சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் அதைப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்தது. சம்மதம் தெரிவித்த பெரியவர்களின் உடம்பு, தொப்புள்கொடி, நஞ்சு, தானாகச் சிதைந்த கரு, குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் எஞ்சிப் பெற்றோரே மனமுவந்து கொடுத்த கருமுட்டை ஆகியவை ஆகுமான வழிகள். மருத்துவக் காரணமின்றி வேண்டுமென்றே கலைத்த கருவிலிருந்து எடுப்பதும், இதற்கென்றே அந்நியரின் விந்தையும் முட்டையையும் சேர்த்துக் கருவை உண்டாக்குவதும் ஆகாதவை. தாயின் கருவறைக்கு வெளியே, சில நாட்களே ஆன நிலையில் உள்ள கருவின் தகுதி என்ன, உயிர் ஊதப்படும் காலத்துக்கு முன்னும் பின்னும் சட்டம் எவ்வாறு மாறும் என்பன குறித்து அறிஞர்களிடையே நுட்பமான கருத்துகள் உண்டு. தேவைப்படுவோர் தம் ஊர் ஆலிம்களிடம் விவரம் கூறித் தெளிவு பெறுதல் நன்று. யமனாகா காட்டிய வழியில் கருவே தேவைப்படுவதில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

ஆனால் அவரிடம் நான் இன்னொன்றும் சொன்னேன்: "பாய், மருந்து ஹலாலா என்று கேட்டீர்கள், நல்லது. அதை விற்பவன் சொல்லும் சொல் உண்மையா என்றும் கேட்க வேண்டும். பொய் சொல்லி விற்பதும் ஹராம்தானே?"

இன்று நம் கையில் உள்ளவை

நோயைத் தந்த இறைவன் அதற்குரிய நிவாரணத்தையும் படைத்திருக்கிறான் என்பது நம் நம்பிக்கை. அந்த நிவாரணம் முழுமையாகக் கைக்கு வரும்வரை, வந்திருப்பதை நழுவவிடாதிருப்பது நம் கடமை.

முதல் வகை நோயுள்ள பிள்ளைக்கு இன்சுலினை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். சூரணம், தாயத்து, தகடு எதை நம்பியும் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் பெருகிச் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாகும். தமிழக அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது. நம் திண்டுக்கல்லிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்துவைக்கப்பட்டது. முன்பு மதுரைக்கு ஓடிய காலத்தை நினைத்துப் பாருங்கள்.

நன்றாக இருந்த பிள்ளை அடிக்கடி தண்ணீர் கேட்டாலும், அடிக்கடி சிறுநீர் கழித்தாலும், படுக்கையை நனைக்கத் தொடங்கினாலும், காரணமின்றி மெலிந்தாலும் தாமதியாமல் சர்க்கரைச் சோதனை செய்யுங்கள். அந்தப் பிள்ளையின் ஆசிரியரிடமும் உஸ்தாதிடமும் நோயை மறைக்காதீர்கள். குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் நோயைத் திருமணம் கருதி மறைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. மறைத்த இடத்தில் மயங்கி விழுந்தால் உதவ ஆளிராது.

வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் கண்டால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவிழந்த பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மருத்துவமனைக்குத் தூக்குங்கள்.

ரமலானில் எல்லாப் பிள்ளைகளும் நோன்பு வைக்கும்போது தானும் வைக்க வேண்டும் என்று இப்பிள்ளைகளுக்கு ஆசை வரும். பருவமடையாத பிள்ளைக்கு அது கடமையன்று. நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. வளர்ந்தவர்கள் ரமலானுக்கு ஓரிரு மாதம் முன்பே மருத்துவரைக் கண்டு முடிவு செய்யட்டும். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்று இக்கால அறிஞர்கள் விளக்கியுள்ளனர். தாழ்சர்க்கரை கண்டால் நோன்பை விட்டுவிட வேண்டும். அது பலவீனம் அன்று, மார்க்கம் தந்த அனுமதி.

இரண்டாம் வகைக்கோ, பூட்டில் துரு ஏறாமல் காப்பது பெருமளவு நம் கையிலேயே இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நடையும் அளவான உணவும் மட்டுமே நோய் வரும் வாய்ப்பை நூற்றுக்கு 28.5 அளவு குறைத்தன. இதற்கு ஐந்து லட்சம் வேண்டாம். வலீமா விருந்தில் இரண்டாம் தட்டு பிரியாணியை மறுக்கும் மனமும், ஃபஜ்ருக்குப் பள்ளிவாசலுக்கு வண்டியில் செல்லாமல் நடந்து செல்லும் காலும் போதும்.

இறுதியாக

நிலம் விற்கப்படவில்லை. அதில் இப்போது சின்ன வெங்காயம் போட்டிருக்கிறார்கள். பையன் அதே பாயில் அமர்ந்து ஓதுகிறான். அவனுக்கு அருகில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதில் பிஸ்கட்டும் சர்க்கரையும் எப்போதும் உண்டு. அதை நிரப்பி வைப்பது என் பொறுப்பு. அவன் கை பெட்டியை நோக்கிச் செல்லும்போது எல்லா மாணவர்களும் ஓதுவதைத் தொடர்கிறார்கள். எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சென்ற வாரம் அவன் என்னிடம் கேட்டான்: "ஹஜ்ரத், அந்த அமெரிக்கக்காரர் தம் பிள்ளைகளுக்கு அந்த மருந்தைக் கொடுத்துவிட்டாரா?"

"இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள், தம்பி" என்றேன்.

"அப்படியென்றால் அவருடைய பிள்ளைகளும் ஊசி போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்களா?" என்று கேட்டான். அவன் முகத்தில் ஓர் ஆறுதல் தெரிந்தது.

வாசகர்களே, பிள்ளைகள் நலமாக வளரட்டும். மருந்து வரும் நாளில் அதைப் பெறும் உடல்நலத்தோடு அவர்கள் இருக்கும்படி காப்பதே இன்று நம் வேலை. அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவருக்கும் பூரண சுகத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.